அப்பாவும் மகனும் ஒரு கிட்டாரும்

எலெக்ட்ரிக் கிட்டார் கிட் வாங்கி வீட்லயே பூட்டுறவங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க. பெட்டியைத் திறந்தா பூச்சு பூசாத ஒரு பாடி, ஒரு நெக், பிக்கப், கொஞ்சம் வயர். தேய்த்து, பூசி, மாட்டி முடிச்சதும் அடுத்த ஆசை வரும்: இந்த பிக்கப்பைத் தூக்கிட்டு வேற போடலாமா? இந்த ஆசை ஒண்ணும் புதுசு இல்லை. இன்னைக்கு நான் சொல்லப்போற கிட்டாருக்கு வயசு அறுபதைத் தாண்டிடுச்சு. அதுக்குப் பெட்டிகூட கிடையாது.

1963. லண்டனுக்கு மேற்கே ஃபெல்தம். பதினாறு வயசுப் பையனுக்கு ஒரு நல்ல எலெக்ட்ரிக் கிட்டார் வேணும். ஆனா ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்குற வசதி அந்த வீட்டுக்கு இல்லை. அப்பா ஹரால்ட் மே எலெக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவர், கைவேலைக்காரர். வீட்டு டிவியையே சொந்தமா செஞ்சவர். ‘வாங்க முடியலைன்னா செஞ்சிடலாம்’ங்கிறது அவங்க வீட்டு வழக்கம். அந்தப் பையன்தான் பிரையன் மே. பின்னாள்ல குவீன் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட்.

கிடைச்ச பொருளையெல்லாம் பாருங்க. நெக்குக்கு, நூறு வருஷத்துக்கும் மேல பழசான ஒரு கணப்பு அடுப்பின் மரச்சட்டம். அதுல பூச்சி அரிச்ச ஓட்டைகள் இருந்தது. தீக்குச்சியை வெச்சு அடைச்சாங்க. பாடிக்குப் பழைய மேஜையின் ஓக் மரமும் பிளாக்போர்டும், மேலே மஹோகனி வெனீர். ஃபிரெட் நடுவுல இருக்கிற புள்ளிகள், அம்மாவோட தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பி பொத்தான்கள். ட்ரெமொலோவுக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்ப்ரிங் ரெண்டு. அதோட கைப்பிடி, சைக்கிள் சீட்டுப் பையைத் தாங்குற கம்பி. கைப்பிடியின் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு.

கேட்கச் சிரிப்பா இருக்கலாம். ஆனா இது ஒட்டுப்போட்ட வேலை இல்லை. அந்த ட்ரெமொலோ ஒரு கத்தி முனைமேல உட்கார்ந்து அசையும். உராய்வு குறைஞ்சா கம்பி பழைய சுருதிக்கே திரும்பும். அதுதான் கணக்கு. பாடிக்குள்ள வேணும்னே வெற்றிடம் விட்டாங்க, ஆம்ப் முன்னாடி நின்னா கிட்டார் தானா பாடணும்னு.

ஃபினிஷிங்குக்கு வருவோம். ஃபிங்கர்போர்டும் ஓக்தான், கருப்பு பூசி, ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங் ஏத்தினாங்க. மரச்சாமான்களுக்குப் பூசுற, கெட்டியா இறுகுற ஒரு பூச்சு அது. கிட் பூட்டுறவங்களுக்குத் தெரியும், பூச்சுங்கிறது பளபளப்புக்கு மட்டும் இல்லை. வியர்வை, ஈரம் எல்லாம் மரத்துக்குள்ள இறங்காம காக்கிறதும் அதுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அடுத்த கட்டம். முதல் பிக்கப்புகளை பிரையன் தானே சுத்தினார். சத்தம் நல்லாத்தான் வந்தது. ஆனா கம்பியை வளைச்சு இழுக்கும்போது ஒரு கரகரப்பு. காரணம், காந்தங்களின் துருவம் ஒண்ணுக்கொண்ணு மாறி இருந்தது. கம்பி ஒரு காந்தத்துல இருந்து இன்னொண்ணுக்கு நகரும்போது சத்தம் உடையுது. அதனால கடையில பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப் மூணு வாங்கினார். வாங்கினதை அப்படியே மாட்டலை. உள்ளே அரால்டைட் பசையை ஊத்தி இறுக்கினார். காயில் கம்பி தளர்வா இருந்தா அதுவே அதிர்ந்து, பெரிய சத்தத்துல கீச்சுனு கத்தும். பசை அந்த அதிர்வை அடக்கிடும். அப்புறம் ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச், அலையைத் தலைகீழாக்க இன்னொரு சுவிட்ச். நீங்க ‘போஹீமியன் ராப்சடி’ சோலோவில் கேட்கிற அந்தக் குரல் இங்கிருந்து வந்ததுதான்.

ரெண்டு வருஷ உழைப்பு. பேரு ரெட் ஸ்பெஷல். ஆனா கதையின் முடிச்சு வேற இடத்துல இருக்கு. வானியற்பியல் ஆராய்ச்சியைப் பாதியில விட்டுட்டு மகன் இசைக்குப் போனதும், அதே அப்பா மனசு உடைஞ்சு போனார். கிட்டாரைச் செதுக்கிக் கொடுத்த கைக்கு, அதை வாசிச்சுப் பிழைக்கிறது சரியான வழியாப் படலை. ரொம்ப நாள் ரெண்டு பேருக்கும் சரியான பேச்சே இல்லை. பிறகு நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துல மகன் வாசிக்கிறதை நேர்ல பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிஞ்சது. பாதியில விட்ட ஆராய்ச்சியையும் பிரையன் விடலை. 2007-ல் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்கினார்.

இதுல எனக்கு ஒரு விஷயம் தெளிவா தெரியுது. அந்த அப்பா மகனுக்குக் கொடுத்தது ஒரு பொருளை மட்டும் இல்லை. சரியா வரலைன்னா கழட்டிப் பார்க்கிற தைரியத்தையும்தான். அந்தத் தைரியம் கிட்டாரோட நிக்காது, வாழ்க்கைக்கும் வரும்னு அவர் எதிர்பார்க்கலை, அவ்வளவுதான்.

உங்க கிட்டை இந்த வாரம் பூட்டப்போறீங்களா? அவசரப்படாம தேய்ங்க. ஒரு கோட்டு நல்லா காயட்டும், அப்புறம் அடுத்தது. பிக்கப்பை எப்போ வேணும்னாலும் மாத்திக்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.