எழுத்தறியாதார் கையில் ஒப்புவித்த ஊழியம்

சமயத் தொண்டு என்பது அங்கி தரித்த குருவின் வேலை. ஏனையோர் வந்து அமர்ந்து கேட்டுப் போகவேண்டியவர். இவ்வெண்ணம் எல்லாச் சமயத்தாரிடத்தும் உண்டு. இங்கிலாந்துச் சபையிலோ அது பன்னெடுங்காலம் வேரூன்றி நின்றது. 1866-ம் ஆண்டிலேதான் அச்சபையின் அத்தியட்சர்கள் கூடி, குருப்பட்டம் பெறாத சபையாரும் ஆராதனையில் பங்குகொண்டு உதவுமாறு 'வாசகர்' என்னும் பழம் பதவியை உயிர்ப்பித்தனர். பெண்டிர் முறைப்படி அப்பதவி எய்த 1969 வரை காத்திருக்க நேர்ந்தது.

அதே சபை மரபில், நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலில், வயற்கூலிகளான மாலரும் மாதிகரும் தொண்டர்களாக்கப்பட்டனர். அதனை முன்னின்று நடத்தியவர் ஒரு தமிழர் என்பதை நேயர்கள் நோக்குக.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் குரு. மைந்தரோ 1909 வரை குருப்பட்டம் பெற்றிலர். 1895 முதல் வாலிப கிறிஸ்தவர் சங்கக் காரியதரிசியாகவே உழைத்தார். ஊர்தோறும் குரு இருத்தல் இயலாத திருநெல்வேலிச் சபைகளில், உபதேசியார் என்னும் சாதாரண மனிதரே அன்றாட ஜெபத்தை நடத்திவந்ததைச் சிறுவயது முதல் கண்டவர் அவர். 1902-ல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தாமே பணந்திரட்டித் தொண்டரை அனுப்புவது அவர் உள்ளத்தைத் தைத்தது. மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. அச்சங்கம் தேர்ந்துகொண்ட களமே தோர்ணக்கல். 1912-ல் அசரியா அங்கேயே அத்தியட்சரானார்; ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

உற்சாகமூட்டுதல் எளிது, கருவி கொடாமல் உற்சாகமூட்டுதலோ ஏமாற்றுவதாகும். அசரியா கருவியுங் கொடுத்தார். மக்களிற் பெரும்பாலோர் எழுத்தறியார். ஆகவே கிராம ஆசிரியர் ஒருவரை அவர்கள் சேரியிலேயே குடியிருத்தி, வயலினின்று மீண்ட பின் இரவு வேளையில், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், பத்துக் கற்பனை ஆகியவற்றை வாய்ப்பாடமாகக் கற்பிக்கச் செய்தார். வேதக் கதைகள் தெலுங்கு மெட்டில் பாட்டாயின, நாடகமாயின. ஏடு வேண்டாத கல்வி இது! ஆசிரியருடைய மனைவியரும் பெண்களுக்குப் போதித்தனர். அசரியாவின் துணைவியார் அன்பு மரியம்மாளும் அவ்வகைப் பணியில் முன்னின்றார்.

நாம் செக்ரோல் புத்தகத்தோடு காலங்கழிப்பவர். எண்ணைக் கண்டால் சற்றே நின்றுவிடுவோம். 1935 அளவில் அந்த அத்தியட்சாதீனத்தில் கிராம ஆசிரியர் 2000-க்கு மேற்பட்டோர். குருமார் தொகையோ சில நூறுக்குள் அடங்கும். பாரம் யார் தோளிலிருந்தது என்பது விளங்கவில்லையா?

ஆசிரியரோடும் நின்றிலது. ஞானஸ்நானம் பெற்றவர் தம் கையைத் தம் தலைமீது வைத்து, இச்செய்தியை அறிவியாவிடில் தமக்குக் கேடு எனச் சொல்லும்படி அசரியா செய்வித்தார். ஆண்டுதோறும் 'சாட்சி வாரம்' நடந்தது. சபையாரே கூட்டங்கூட்டமாய் அண்டை ஊர்களுக்குச் சென்று பேசினர், பாடினர். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கும் விரட்டவேண்டிய பேய்கள் என்பது அத்தியட்சரின் ஓயாத உபதேசம். இந்நான்கும் தோட்டத்து லயன்களில் அறியாதனவல்ல.

குறையும் உண்டு. அசரியா தளராத கண்டிப்பினர். சபையாரைத் தொண்டராக்கிய அவரே அதிகாரத்தைத் தம் கையில் இறுகப் பிடித்திருந்தார். கிராம ஆசிரியர் பலர் தாமே சொற்பக் கல்வியினர். வருவாயோ அதனினும் சொற்பம்.

வெளியிலிருந்து வந்த கண்டனம் வேறு. 1936-ல் ஜான் மாட் என்னும் அமெரிக்கரோடு உரையாடிய காந்தியடிகள், தீண்டாதார் எனப்பட்டோரிற் சிலர் சமயங்களைச் சீர்தூக்கி அறியும் ஆற்றலில் பசுவினும் கீழானவர் என்றே சொல்லிவிட்டார். அறியாமையைப் பயன்படுத்திக் கூட்டஞ்சேர்த்தல் தகாது என்பது அவர் கருத்து. அதனை நாம் மறுத்தற்கில்லை. ஆயினும் அந்த உவமை நம்மைச் சுடுகிறது. அதே மக்களை, கேட்பவராக மட்டுமன்றிப் போதிப்பவராகவும் தோர்ணக்கலில் நம்பினர் அல்லவா?

1930-களில் தெலுங்கு நாட்டு ஊர்களில் மேற்சாதியினர் சிலரும் சபையில் சேர முன்வந்தனர். காரணம் வினவியபோது, தாழ்த்தப்பட்டோர் வாழ்வில் உண்டான மாறுதலைக் கண்டோம் என்றனர். அவர்கள் கண்டது குருவின் பிரசங்கமேடையையன்று. தங்கள் வயலில் நாற்று நட்ட கூலியாட்களை.