போடியில் பிறக்கும் விலை

போடிநாயக்கனூர் ஏலக்கூடத்தில் ஒரு லாட் ஏலக்காய்க்கு விலை முடிய அதிக நேரம் ஆகாது. வரிசையாக வைத்த கணினிகளின் முன்னால் உரிமம் பெற்ற வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டின் சாம்பிளும் முன்பே அவர்கள் கைக்கு வந்திருக்கும். காயை உள்ளங்கையில் கொட்டி, பச்சை நிறம் எவ்வளவு நின்றிருக்கிறது, வெடிப்பு உண்டா, உள்ளே விதை கறுத்து முற்றியிருக்கிறதா என்று பார்த்து மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். லாட் எண் திரையில் வந்ததும் விரல்கள் விசைகளைத் தட்டுகின்றன. யாரும் மேலே கேட்காத இடத்தில் விலை நிற்கிறது. கிலோவுக்கு இத்தனை ரூபாய். இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பின்தொடர்ந்து போகிறது.

எண்ணுக்கு முன்கதை உண்டு. ஏலமலையில் பறித்த பச்சைக் காய் ஸ்டோர் என்று சொல்லும் உலர்கூடத்தில் ஒரு நாள் அளவுக்குச் சூட்டில் கிடந்து, ஏறத்தாழ ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. பிறகு சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். அக்மார்க் கணக்கில் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஒரு லிட்டர் அளவையில் 435 கிராம் எடை நின்றால் அது முதல் தரம். 5 மில்லிமீட்டரும் 385 கிராமும் என்றால் அதற்குக் கீழான தரங்களில் ஒன்று. ஒரே செடியில் ஒரே நாளில் பறித்த காய்களுக்குள்ளேயே விலை பல நூறு ரூபாய் விலகிப்போவது இங்கேதான். ஏலக்காய்க்கு ஒற்றை விலை என்று எதுவும் கிடையாது. காய்க்குக் காய் விலை உண்டு.

2007-இல் மின்னணு ஏலம் வரும்வரை விலையைக் கூவித்தான் கேட்டார்கள். போடியிலும் கேரளத்து வண்டன்மேட்டிலும் கூடத்தில் இருந்தவருக்கு விலை உடனே தெரியும். வெளியே இருந்தவருக்கு உள்ளே இருந்தவர் சொன்னால்தான் உண்டு. மதுரைக் கீழமாசி வீதியில் கடை வைத்திருப்பவர், தனக்குச் சரக்கு விற்கிறவரிடமே விலையும் கேட்க வேண்டிய நிலை. இன்று போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கும் ஏலங்களின் முடிவை நறுமணப் பொருள் வாரியம் தன் இணையதளத்தில் போடுகிறது. ஏல நாள், ஏல நிறுவனம், லாட் எண்ணிக்கை, வந்த சரக்கு, விற்ற சரக்கு, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று சில பத்திகள் கொண்ட எளிய அட்டவணை. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். சிறு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்தச் சலுகைத் திட்டமும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அட்டவணைக்குள் நுழையும்போதே நம் எண் பாதி அடையாளத்தை இழந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான லாட்டுகளின் விலைகள் இரண்டே எண்களாகச் சுருங்குகின்றன. தரம் போய்விடுகிறது. அன்று பெரிய காய் அதிகம் வந்து சராசரி ஏறியதா, அல்லது எல்லாத் தரத்துக்குமே கேள்வி கூடியதா என்பதை அட்டவணை சொல்லாது.

2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. முந்தைய ஆண்டு பெருவெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்திருந்தன, அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது, சரக்கு இல்லை. நாடு முழுக்கப் பரவிய செய்தி 7,000 என்பதுதான். அந்த விலை அன்றைய அதிகபட்சம். சராசரி அதற்கு வெகு கீழே நின்றது. அதிகபட்ச விலைக்குப் பரவும் வேகம் அதிகம், பயன் குறைவு. அதை நம்பி இருப்பு வாங்கியவரும், அதை எதிர்பார்த்துக் காயைப் பிடித்துவைத்த விவசாயியும் ஒரே எண்ணால் ஏமாந்தவர்கள்.

அட்டவணையிலிருந்து வியாபாரியின் கைக்கு வரும் வழி இப்போது பல. கூகுள் ஷீட்ஸில் இணையப் பக்கத்தின் அட்டவணையை இழுத்துவரும் ஒரே வரிச் சூத்திரம் இருக்கிறது. கொஞ்சம் பைத்தான் தெரிந்த மகனோ மருமகளோ வீட்டில் இருந்தால் இருபது வரியில் வேலை முடியும். கடினம் இழுப்பதில் இல்லை, இழுத்ததைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு நிறுவனங்கள் ஏலம் நடத்தினால் இரண்டு வரிகள் வரும். ஒன்றில் 60,000 கிலோ 2,400 ரூபாய் சராசரிக்கும், இன்னொன்றில் 20,000 கிலோ 2,600 ரூபாய்க்கும் விற்றதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,500 வரும். விற்ற எடையோடு பெருக்கிப் பார்த்தால் 2,450. டன் கணக்கில் வாங்குபவருக்கு அந்த ஐம்பது ரூபாய்தான் லாபமே. விடுமுறை நாளில் வரியே இருக்காது; நிரல் முந்தின நாள் விலையை இன்றைய தேதியில் ஒட்டிவிட்டால், நடக்காத ஏலத்துக்கு ஒரு விலை பிறந்துவிடும். ஆகவே விலையோடு ஏல நாளையும், எடுத்த நேரத்தையும், பக்கத்தின் பிரதியையும் சேர்த்து வைப்பது நல்லது. நாளுக்கு இரண்டு முறை எடுத்தால் போதும். எல்லோருக்குமான தளத்தை நிமிடத்துக்கு நிமிடம் போய்த் தட்டுவது நியாயமில்லை.

வந்த சரக்குக்கும் விற்ற சரக்குக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விலையைவிட முக்கியமாக நினைக்கிறேன். விலை பிடிக்காவிட்டால் விவசாயி லாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விலை அசையாமல் நிற்கும்போதே விற்காத மூட்டைகள் கூடிக்கொண்டு போனால், விற்பவரும் வாங்குபவரும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். வரத்துப் பத்தியையும் அப்படியே நம்பிவிட முடியாது. வியாபாரிகள் வாங்கிய காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவரும் ரீபூலிங் பற்றி விவசாயிகள் சங்கங்கள் பல காலமாகப் புகார் சொல்லி வருகின்றன. அந்தக் காய் இரண்டாம் முறையும் புது வரத்தாகவே பதிவாகிறது.

விலை தெரிந்தால் வாழ்வு மாறுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி பரவிய காலத்தைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். மத்தி மீன் விலை கரைக்குக் கரை வேறுபடுவது வெகுவாகக் குறைந்தது, வீணாகக் கொட்டுவது நின்றது, மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் ஏறியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. மகாராஷ்டிரத்தில் குறுஞ்செய்தி வழியே விவசாயிகளுக்கு விலை அனுப்பிய சேவையை வேறு இருவர் ஆராய்ந்தபோது, கிடைத்த விலையில் சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை. மீனவர் கடலிலிருந்தே படகை வேறு கரைக்குத் திருப்ப முடிந்தது. திருப்ப இடம் இருப்பவருக்குத்தான் எண் உதவுகிறது. கீழமாசி வீதிக்காரருக்கு அந்த இடம் கொஞ்சம் உண்டு: இன்று வாங்கலாம், அடுத்த ஏலம்வரை பொறுக்கலாம், எட்டு மில்லிமீட்டரை விட்டு ஏழுக்கு இறங்கலாம். கடனுக்குக் காயைக் கொடுத்துவிட்ட சிறு விவசாயிக்கு அது இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் ஏலம் நின்றது. மே மாதக் கடைசியில் திரும்பத் தொடங்கும்வரை புது எண் எதுவும் பிறக்கவில்லை. காய் மலையில் இருந்தது, கேட்பாரும் இருந்தார்கள். எந்த விலையிலிருந்து பேச்சைத் தொடங்குவது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. பிறகு போடி, புற்றடி கூடங்கள் இரண்டையும் இணையம் வழியே இணைத்து, ஒரு கூடத்தின் ஏலத்தை இன்னொன்றிலிருந்தும் கேட்க வழி செய்தார்கள். ஏலம் நின்ற மாதங்களில் கஷ்டப்பட்டவர்களுக்குப் பொது விலையின் அருமை தெரியும். இதற்கு எதிர்மாறாக, உலகச் சந்தையில் நமக்குப் பெரும் போட்டியான குவாதமாலாவில் விவசாயியின் காய் கொயோட்டே என்னும் இடைத்தரகர் கைவழியேதான் பெரும்பாலும் போகிறது. போடி எண்ணைச் சுலபமாக எடுக்கிற வியாபாரி, அந்த நாட்டு விலைக்கு ஏற்றுமதியாளர் வாய்ச்சொல்லைத்தான் நம்பியாக வேண்டும்.

நம்மிடம் கிடைப்பதை இன்னும் முழுதாகக் கொடுக்கலாம் என்பதே என் கோரிக்கை. ஒவ்வொரு லாட்டின் எடையும் முடிந்த விலையும் ஏலக் கணினியில் ஏற்கெனவே பதிவாகின்றன. கொடுத்தவர், எடுத்தவர் பெயரை மறைத்துவிட்டு, காயின் பருமனையும் லிட்டர் எடையையும் சேர்த்து அந்த வரிகளை அன்றே வெளியிட வேண்டும். மறுபடி வந்த சரக்குக்குத் தனிக் குறி போட வேண்டும். வாரியம் அதைச் செய்தால், தன் 6 மில்லிமீட்டர் காய்க்கு இன்று என்ன விலை என்று கேட்கும் வண்டன்மேட்டு விவசாயிக்கும் மதுரைக் கடைக்காரருக்கும் ஒரே பதில் கிடைக்கும்.