அல்ஹம்ரா: சுவர்களை வாசிக்க வேண்டிய கோட்டை

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்லும் நம் குடும்பங்கள் பாரிஸ், லண்டன், சுவிட்சர்லாந்து என்று பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியலில் ஸ்பெயினின் கிரனாடா நகரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள அல்ஹம்ரா கோட்டையை அரபு எழுத்து தெரிந்த கண்களோடு பார்ப்பது தனி அனுபவம். மதரஸாவில் ஓதும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கண்கள் உண்டு.

கட்டியவர்கள்

அல்ஹம்ரா என்றால் செந்நிறமானது என்று பொருள். நஸ்ர் வம்சத்தின் முதல் சுல்தான் முஹம்மத் இப்னுல் அஹ்மர் 1238-இல் இங்கே பணியைத் தொடங்கினார். இன்று நாம் வியக்கும் அரண்மனைகளில் பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டில் முதலாம் யூசுபும் அவர் மகன் ஐந்தாம் முஹம்மதும் கட்டியவை. தாரோ ஆற்றின் நீரை வாய்க்கால் வழியே குன்றின் மேல் கொண்டுவந்து, நீரூற்றுகளையும் தோட்டங்களையும் அமைத்தார்கள். 1984-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எதைப் பார்ப்பது?

• சுவரெங்கும் திரும்பத் திரும்ப வருவது "வலா காலிப இல்லல்லாஹ்" என்ற வாசகம். அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் எவருமில்லை என்பது அதன் பொருள். இதுவே நஸ்ர் வம்சத்தின் முழக்கம். பிள்ளைகளிடம் இதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

• சுல்தான் தூதர்களைச் சந்தித்த மண்டபத்தின் மரக்கூரை ஏழு வானங்களைக் குறிப்பதாகச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளை இணைத்துச் செய்தது. அதன் கீழே சூரத்துல் முல்க் எழுதப்பட்டுள்ளது.

• மெஷ்வார் பகுதியில் உள்ள சிறு தொழுகை அறை மற்ற அறைகளுக்கு நேராக இல்லாமல் சற்றே திரும்பி நிற்கும். கிப்லாவை நோக்கி அமைத்ததே காரணம்.

• சிங்க முற்றத்தில் 12 பளிங்குச் சிங்கங்கள் நீரூற்றைத் தாங்கி நிற்கின்றன. அந்தத் தொட்டியின் விளிம்பில் அவைக்கவிஞர் இப்னு ஸம்ரக்கின் கவிதை செதுக்கப்பட்டுள்ளது.

வீழ்ந்தது எப்படி?

வெளியிலிருந்து எதிரி நெருக்கிய காலத்தில் சுல்தான் அபுல் ஹஸன், அவர் தம்பி அல்ஸகல், மகன் அபூ அப்துல்லாஹ் ஆகியோர் அரியணைக்காகத் தமக்குள் மோதிக்கொண்டார்கள். 1492 ஜனவரி 2 அன்று அபூ அப்துல்லாஹ் கோட்டையை ஃபெர்டினாண்ட், இசபெல்லா இணையரிடம் ஒப்படைத்தார். முஸ்லிம்களின் மார்க்கமும் பள்ளிவாசல்களும் பாதுகாக்கப்படும் என்று 1491 ஒப்பந்தம் உறுதியளித்திருந்தது. பத்தாண்டுகள்கூட அது நிலைக்கவில்லை. மதம் மாறுங்கள் அல்லது வெளியேறுங்கள் என்று 1502-இல் ஆணை வந்தது. மாறியவர்களின் வழித்தோன்றல்களும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டார்கள்.

வெற்றி அல்லாஹ்வுக்கே என்று சுவரில் எழுதியவர்களின் வாரிசுகள் பதவிக்காகப் பிரிந்து நின்றார்கள். அழகிய வேலைப்பாட்டோடு இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் பயணம் முழுமை பெறும்.

செல்லும் முன்

அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் கிடைப்பது கடினம். நஸ்ர் அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் சீட்டிலேயே இருக்கும். அந்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டு பெயரில் வழங்கப்படுவதால் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். நடை அதிகம் என்பதால் முதியவர்களுக்கு வசதியான காலணி அவசியம்.

தொழுகைக்கு, எதிர்க்குன்றான அல்பைசின் பகுதியில் 2003-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் உள்ளது. அதன் தோட்டத்திலிருந்து அல்ஹம்ரா முழுவதும் தெரியும். அருகிலுள்ள கொர்தோபாவுக்கும் செல்வோர் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்குள்ள புகழ்பெற்ற பள்ளிவாசல் 1236 முதல் தேவாலயமாக உள்ளது. உள்ளே நாம் தொழ அனுமதி இல்லை. அந்த விதியை மதித்து, பார்த்துவிட்டு வெளியே வந்து தொழுதுகொள்வதே நல்லது.