ஒரு மணித்தியாலம் என்ன விலை?

எங்கட தோழி ஒருத்தி பார்த்த வேலையை விட்டிட்டு, சிறு வியாபாரங்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினாள். முதல் வாடிக்கையாளர் கேட்டது: "பிள்ளை, மணித்தியாலத்துக்கு எவ்வளவு எடுப்பீங்கள்?" பழைய சம்பளத்தை வேலை நேரத்தால் பிரித்து ஒரு தொகை சொன்னாள். ஆறு மாதம் ஓய்வில்லாமல் உழைத்தும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கே பிழைத்தது என்று தேடப்போய்த்தான் நாங்கள் இந்தச் சரித்திரத்துக்குள் வந்தோம்.

தொழிலாளியின் கைவேலையை மணிக்கூட்டால் அளப்பது பழைய பழக்கம். படித்தவரின் ஆலோசனையையும் அப்படி அளக்கலாம் என்பது பிறகு வந்தது. அந்த மாற்றத்தில் முக்கியமானவர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித். 1914இல் பொஸ்டன் நகரில் ஏழைகளுக்கான சட்ட உதவிச் சங்கத்தின் பொறுப்பை ஏற்றவர். 1919இல் தனியார் சட்ட நிறுவனமொன்றில் சேர்ந்த பின், ஒவ்வொரு சட்டத்தரணியும் தன் நாளை ஆறு ஆறு நிமிடமாகக் குறித்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கவனியுங்கள், அவருக்கு அது முதலில் விலைச்சீட்டு அல்ல. ஒரு வேலைக்கு எங்களுக்கு என்ன செலவாகிறது என்று அறியும் கணக்கு.

அக்காலத்தில் அமெரிக்கச் சட்டத்தரணிகள் பலர், சங்கங்கள் வகுத்த கட்டணப் பட்டியலைப் பார்த்தே பணம் வாங்கினார்கள். வெர்ஜினியாவில் வீடு வாங்கப்போன கோல்ட்ஃபார்ப் தம்பதியர் உறுதிப் பத்திரம் பார்க்க ஆள் தேடினார்கள். வீட்டு விலையில் 1 வீதத்துக்குக் குறைய ஒருவரும் வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படிக் குறைந்தபட்சக் கட்டணத்தை நிர்ணயிப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 1975இல் தீர்ப்பு வந்தது. பட்டியல் போனது, மணித்தியாலம் நிலைத்தது. வியாபார ஆலோசகர்கள் பலரும் இதே அளவுகோலைத்தான் பிடித்தார்கள்.

எங்கட தோழியின் பிழைக்கு விடை 1958இலேயே இருந்தது. சட்டத்தரணிகளின் வருமானம் ஏன் பின்தங்குகிறது என்று விளக்க அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் ஒரு சிறு நூல் வெளியிட்டது. வருடத்தில் பணம் கேட்கக்கூடிய நேரம் ஏறக்குறைய 1,300 மணித்தியாலம்தான் என்றது அது. மிச்ச நேரம் வாடிக்கையாளரைத் தேடுவதிலும், படிப்பதிலும், கணக்கு எழுதுவதிலும் போய்விடும். அதற்கு ஒருவரும் காசு தரமாட்டார்கள்.

இதை எங்கட கணக்கில் போட்டுப் பார்த்தோம். மாதம் 1,50,000 ரூபா வேண்டுமென்றால் வருடத்துக்கு 18 இலட்சம். வாரம் 40 மணித்தியாலப்படி 2,080ஆல் பிரித்தால் 865 ரூபா. தோழி சொன்ன தொகை இந்த வகைதான். ஆனால் மின்சாரம், டேட்டா, போக்குவரத்து, மடிக்கணினித் தேய்மானம் என்று 3 இலட்சம் சேர்த்து 1,300ஆல் பிரித்தால் ஏறக்குறைய 1,615. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! வரி, வருத்தம் வந்து படுக்கும் நாட்கள் இன்னும் சேர்க்கவில்லை.

ஆனால் மணித்தியாலத்தையே கும்பிடவும் வேண்டாம். அந்த 1,300 இன்று அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவனங்கள் பலவற்றில் 1,900, 2,000 என்று ஏறிவிட்டது. அளக்க வந்த கோல் ஆளை அடிக்கத் தொடங்கிவிட்டது. இன்னொன்று, வேலை பழகப் பழக அதை வேகமாக முடிப்போம். மணித்தியாலத்துக்கு மட்டும் வாங்கினால் கெட்டித்தனத்துக்குக் கிடைப்பது சம்பளக் குறைப்புத்தான்.

ஸ்மித் தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். உங்கட நேரத்தை முதலில் உங்களுக்காக எழுதி வையுங்கள். எந்தத் தொகைக்குக் கீழே இறங்கினால் நட்டம் என்று அது காட்டும். அதற்கு மேலே எவ்வளவு கேட்பது என்பது, உங்கட வேலையால் அந்தக் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும் என்பதைப் பொறுத்தது. தோழி இப்போது தொகையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகுகிறாள். அதுதான் கஷ்டமாம்.