சென்னை ஒளிப்பட ஆர்வலர் குழுக்கள்

பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காகப் படமெடுப்பவர்கள் கூடி அமைத்த சங்கங்கள், மன்றங்கள், நடைக்குழுக்கள் ஆகியவற்றைப் பற்றியது இக்கட்டுரை. ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. பதினெட்டு ஆண்டுகளுக்குள் சென்னையில் அதற்கெனச் சங்கம் வந்துவிட்டது. பம்பாய்ச் சங்கம் 1854இலும், கல்கத்தாவில் வங்காளச் சங்கம் 1856இலும் தொடங்கின. மெட்ராஸ் ஒளிப்படச் சங்கம் 1856–57 காலத்தில் உருவானது. இன்று அப்பெயரில் இயங்கும் சங்கம் 1857ஐயே தன் பிறந்த ஆண்டாகக் கொள்கிறது. ஆனால் இந்த நூற்றறுபது சொச்சம் ஆண்டுகளை அறுபடாத ஒரே இழையாக எண்ணிவிடக்கூடாது. எழுந்தும் ஓய்ந்தும் மீண்டும் எழுந்தும் வந்த வரலாறு இது.

சங்கம் தோன்றிய சூழல்

தொடக்கத்தில் இதை முன்னின்று நடத்தியவர் அலெக்சாண்டர் ஹண்டர். மருத்துவரான இவர் 1850இல் பிராட்வேயில் தன் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. எழும்பூரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றிருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சியே. ஓவியம், மண்பாண்டம், மரச்செதுக்கு ஆகியவற்றோடு ஒளிப்படத்தையும் ஹண்டர் பள்ளியில் புகுத்தினார். சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர் வால்டர் எலியட். ஆளுநரின் ஆலோசனைக் குழு உறுப்பினர், நாணய ஆய்வாளர், அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர். ஆக, ஒரு பக்கம் கலைப் பள்ளி, மறுபக்கம் ஆட்சிமன்றம் என்று இரண்டு தூண்களின் மீது சங்கம் நின்றது.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் படை அதிகாரிகளும் மருத்துவர்களும் குடிமைப் பணி அலுவலர்களும்தான். கேமராவும் லென்சும் வேதிப்பொருட்களும் கப்பலில் வந்தாக வேண்டிய காலத்தில், சம்பளமும் ஓய்வும் உள்ளவர்களால்தான் இந்த விருப்பத்தைத் தாங்க முடிந்தது. பம்பாயில் பாவு தாஜி போன்ற இந்தியர்கள் சங்கத்தில் செல்வாக்கோடு இருந்தார்கள். கல்கத்தாவில் பொருளாளராக இருந்த ராஜேந்திரலால் மித்ரா, அவுரித் தோட்ட முதலாளிகளைக் கண்டித்துப் பேசியதற்காக 1857இல் வெளியேற்றப்பட்டார். சென்னையில் அப்படி மோதுமளவுக்கு இந்தியர் யாரும் மேடைக்கு வரவில்லை. இங்கே இந்தியர் நுழைந்த வாசல் சங்கமல்ல, ஹண்டரின் பள்ளி. அங்கே பயின்ற ஐயாசாமி, படை அதிகாரியும் ஒளிப்பட ஆர்வலருமான லின்னேயஸ் டிரைப்பின் உதவியாளராகத் தொழில் கற்றுத் தாமும் ஒளிப்படக்காரரானார்.

லின்னேயஸ் டிரைப்

சென்னையின் தொடக்ககால ஆர்வலர்களில் தலையாயவர் லின்னேயஸ் டிரைப் (1822–1902). மெட்ராஸ் காலாட்படை அதிகாரியான இவர் ஒளிப்படத்தை விருப்பமாகவே பழகியவர். 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களின் படங்கள் உட்பட 68 படங்களை வைத்து முதல் தரப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டு பர்மா தூதுக்குழுவோடு சென்று படமெடுத்தார். 1856இல் மெட்ராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். பொழுதுபோக்கு பதவியாகிவிட்டது.

1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். வடக்கே கலகம் முற்றியிருந்த நேரம் அது. இவரோ கோபுரங்களுக்கு எதிரே முக்காலியை நிறுத்திக் காலை வெளிச்சத்துக்குக் காத்திருந்தார். அவர் பெரிதும் கையாண்டது மெழுகூட்டிய காகித நெகட்டிவ். ஈரக் கண்ணாடித் தகடு என்றால் பூசிய பூச்சு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். நம் வெயிலில் அது பெரும் தொல்லை. மெழுகுக் காகிதத்தை முன்னதாகவே தயாரித்து வைத்து எடுத்துச் செல்லலாம். வெளிச்சம் அதிக நேரம் தேவைப்பட்டாலும் கல்லும் சுண்ணாம்பும் அசையப்போவதில்லை. அந்த நெகட்டிவ்களில் வானம் வெறுமையாகவே விழும். எனவே டிரைப் நிறமி தொட்டு மேகங்களைத் தாமே தீட்டிச் சேர்த்தார். ஆவணம் என்று பேரெடுத்த படங்களிலும் கைவேலை உண்டு என்பதைக் கணினியில் வானம் மாற்றுபவர்களைத் திட்டுவோர் அறிந்திருப்பது நல்லது.

தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து 21 அச்சுகளை ஒட்டி நீண்ட ஒற்றைச் சுருளாக்கியது இவருடைய அரிய செயல். கல்வெட்டை மையால் படியெடுப்பது பரவலாகும் முன்னரே இதைச் செய்துவிட்டார். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை அவர் எடுத்த படங்கள், 1860களின் பிற்பகுதியில் நேப்பியர் பிரபு ஆளுநராக வந்து பழுதுபார்ப்பைத் தொடங்கிவைப்பதற்கு முந்தைய சிதைந்த நிலையைக் காட்டுகின்றன. இன்று நாம் பார்க்கும் மகாலில் எது நாயக்கர் காலத்தது, எது பின்னால் சேர்ந்தது என்று பிரிக்க இந்தப் படங்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது. 1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களையும் படமெடுத்தார். அடுத்த ஆண்டே அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறிவிட்டது.

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் செலவைக் குறைக்கும் பொறுப்போடு வந்தவர். அரசுக்கென ஓர் ஒளிப்படக்காரர் என்பது அவர் கண்ணுக்கு ஆடம்பரமாகப்பட்டது. பணி நிறுத்தப்பட்டது. டிரைப் அதற்குப்பின் ஏறத்தாழ கேமராவைத் தொடவே இல்லை. 2014–15இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய மூன்று நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்கள் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தன.

தேய்வும் தொழிற்கூடங்களும்

1860களின் தொடக்கத்துக்குப் பிறகு சங்கம் மங்கியது. ஊக்கமளித்த அதிகாரிகள் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பினார்கள். மவுண்ட் ரோட்டில் நிக்கோலஸ், பின்னர் வீலே அண்டு கிளைன் போன்ற ஸ்டூடியோக்கள் பேரெடுத்தன. விருப்பத்துக்காக எடுத்தவர்கள் அங்கொருவர் இங்கொருவராகத் தொடர்ந்தனர். அவர்களில் படை அதிகாரி வில்லபி ஹூப்பர் பெயர் இன்றும் அடிபடுவது நல்ல காரணத்துக்காக அல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக நின்றவர்களை வரிசைப்படுத்தி அமரவைத்து அவர் எடுத்த படங்கள் உலகுக்குப் பஞ்சத்தைக் காட்டின. கூடவே, எதிரே இருப்பவரின் துன்பத்தைப் படமெடுப்பவன் எங்கே நிற்கிறான் என்ற கேள்வியையும் எழுப்பின. கேமராவோடு தெருவிலிறங்கும் எந்தக் குழுவும் இன்றுவரை அதற்கு விடை சொல்லி முடிக்கவில்லை.

1880களில் காய்ந்த ஜெலட்டின் தகடுகளும், 1888இல் கோடக் கேமராவும், 1900இல் பிரவுனியும் வந்தபின் படமெடுக்க வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. வக்கீல்கள், ஜமீன் வீட்டுப் பிள்ளைகள், ரயில்வே அலுவலர்கள் என்று ஆர்வலர் வட்டம் விரிந்தது.

சலான் காலம்

இருபதாம் நூற்றாண்டில் ஆர்வலர் சங்கங்களின் உயிர்மூச்சாக இருந்தது சலான் எனப்படும் போட்டிக் கண்காட்சி. 1953இல் இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு உருவாக, பெங்களூரைச் சேர்ந்த ஜி. தாமஸ் அதில் பெரும்பங்கு வகித்தார். மெட்ராஸ் சங்கத்தின் பழைய வரலாற்றைத் தோண்டியெடுத்து எழுதியவரும் அவரே. உலக அளவில் எப்.ஐ.ஏ.பி. என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 1950இல் அமைந்தது. நாடு நாடாகச் சலான்களுக்குப் படம் அனுப்புவது, ஏற்கப்பட்டால் அதை ‘அக்செப்டன்ஸ்’ என்று கணக்கில் சேர்ப்பது, போதிய எண்ணிக்கை வந்ததும் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்வது என்று ஒரு முறைமை வேரூன்றியது.

சங்கத்தின் மாதக் கூட்டம் பள்ளிக்கூடம் போல நடக்கும். உறுப்பினர்கள் கொண்டுவந்த பிரிண்டுகளை வரிசையாக வைத்து, மூத்தவர் ஒருவர் குறை நிறை சொல்வார். இங்கே கோடு சாய்ந்திருக்கிறது, அங்கே வெள்ளை எரிந்துபோயிருக்கிறது, இந்த மூலையை டார்க் ரூமில் கொஞ்சம் கருக்கியிருக்கலாம் என்ற பேச்சுகளில் ஒரு தலைமுறையே கண் பழகியது. முகத்துக்கு நேரே சொல்லப்படும் அந்த விமர்சனம் இன்றைய விருப்பக் குறிகளால் ஈடுகட்ட முடியாதது.

கைக்காசுதான் பெரிய தடை. பரோடாவில் தயாரான அக்பா கிளிக் III பலருக்கு முதல் கேமரா. ஒரு ரோலில் 12 படம், அவ்வளவுதான். கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ பிலிம் ரூபாய் வணிக ஒப்பந்தத்தால் கட்டுப்படியான விலையில் கிடைத்தது. பிரான்சின் போஷே நிறுவனத்தின் கூட்டுறவோடு உதகமண்டலத்தில் அரசு அமைத்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியபின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிம் கடைகளுக்கு வந்தது. கோடம்பாக்கம் அருகிலிருந்தது சென்னைக்காரர்களுக்குக் கிடைத்த தனிச் சலுகை. சினிமா கேமராவில் எஞ்சிய துண்டு பிலிமை வாங்கி இருட்டில் கேசட்டில் சுற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டு லென்ஸ் வேண்டுமென்றால் பர்மா பஜார்.

சலான் முறை கைத்திறனை வளர்த்தது. நகரத்தைப் பதிவுசெய்ததா என்றால் இல்லை. நடுவர் மெச்சும் படம் எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் எடுத்ததாக இருக்கலாம். மாலை வெயிலில் புழுதி கிளம்ப ஆட்டு மந்தையை ஓட்டச் சொல்லி எடுத்தது, சுருக்கம் விழுந்த முகத்தில் பீடிப்புகை, படகும் ஒற்றைத் துடுப்பும். தலைப்பு ‘நம்பிக்கை’ என்றோ ‘வாழ்க்கைப் பயணம்’ என்றோ இருக்கும். இடமும் தேதியும் இருக்காது. 1985 மே மாதம் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் உட்புறத்தையும், 1977 வெள்ளத்தில் உடைவதற்கு முன் அடையாறு முகத்துவாரப் பாலத்தையும் எத்தனை ஆர்வலர்கள் கேமராவோடு கடந்து போயிருப்பார்கள்! பதக்கம் வாங்கித் தராத படம் என்று விட்டுவிட்டார்கள். டிரைப்பிடம் இருந்த ஆவணப் புத்தியைச் சலான் காலம் ஏறக்குறைய மறந்தது என்பதே இவ்வரலாற்றில் நாம் கொள்ளவேண்டிய குறை.

நடைக்குழுக்கள்

2003–04இல் விலை குறைந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் வந்தன. 2004இல் பிளிக்கர் தளம் வந்தது. மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்த இளைஞர்களின் கையில் காசும் கேமராவும் சேர்ந்தன. பிலிம் செலவு மறைந்தது. கூட்ட அறை, உறுப்பினர் சந்தா, செயலாளர், பொருளாளர் எதுவும் தேவைப்படாத புதுவகைக் குழு பிறந்தது. சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் அவற்றுள் நன்கு அறியப்பட்டது. விடியற்காலையில் ஓரிடத்தில் கூடுவது, மூன்று நான்கு மணி நேரம் தெருத்தெருவாக நடந்து படமெடுப்பது, டிபன் சாப்பிட்டபடி ஒருவர் படத்தை ஒருவர் பார்ப்பது என்பதே நடைமுறை. ‘தமிழில் புகைப்படக்கலை’ போன்ற முயற்சிகள் துளைவிட்டம், திறப்பு நேரம் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிக்கொடுத்து மாதப் போட்டியும் நடத்தின. ஆங்கில நூல்கள் வாங்கிப் படிக்காத பலரும் உள்ளே வர அது வழிசெய்தது. பழைய சங்கங்களில் அரிதாகக் காணப்பட்ட பெண்களும் நடைகளுக்கு வரத் தொடங்கினர்.

காசிமேட்டு மீன் ஏலம், கோயம்பேட்டுப் பூச்சந்தை, கொசப்பேட்டைப் பொம்மைக் குயவர்கள், சவுகார்பேட்டை ஹோலி, பங்குனியில் மயிலை அறுபத்து மூவர், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், பழவேற்காடு என்று அவர்களுக்கென ஒரு வரைபடமே உருவாயிற்று. ஆகஸ்ட் 22ஐ ஒட்டி 2004 முதல் கொண்டாடப்படும் மெட்ராஸ் தின நிகழ்ச்சிகளிலும் ஒளிப்பட நடைகள் இடம்பெற்றன. அப்போது எடுத்தவை பிறகு ஆவணமாயின. சேப்பாக்கம் கலச மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. மெட்ரோ பணி அண்ணா சாலையின் முகத்தை மாற்றியது. 2015 டிசம்பர் வெள்ளம் நகரை மூழ்கடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்காரர்களின் வன்தட்டுகளில் இவற்றின் முன்னும் பின்னும் இருக்கின்றன, தேதியோடு. அந்தத் தேதியை எழுதியது மனிதரல்ல, கேமரா. என்றாலும் பயன் பயன்தான்.

கூட்டமாக நடப்பதில் கேடும் உண்டு. ஒரு பாட்டியைச் சுற்றி இருபது லென்சு நீண்டால் அது படமெடுப்பல்ல, முற்றுகை. கூவாகம் திருவிழாவில் தாலி அறுத்து அழும் திருநங்கைகளின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கேமராவை நீட்டுவது வருடந்தோறும் நடக்கிறது. பறவைக்கூடுகளை நெருங்கிப் படமெடுப்பதைப் பொறுப்புள்ள குழுக்கள் தம் உறுப்பினர்களுக்குத் தடைசெய்திருக்கின்றன. மனிதர்களுக்கும் அந்த மரியாதை வர வேண்டும். இன்னொரு பக்கம், படமெடுப்பவர்களுக்கான கட்டுப்பாடுகள் இறுகிவருகின்றன. ரயில் நிலையத்தில் அனுமதி வேண்டும், மாமல்லபுரத்தில் முக்காலி வைக்க அனுமதி வேண்டும், 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைபேசியையே தடைசெய்ய உத்தரவிட்டது.

2016இல் சென்னை போட்டோ பினாலே தொடங்கியது. அது ஆர்வலர் குழு அல்ல, கலைஞர்களுக்கான விழா. ஆயினும் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு அரசு கவின்கலைக் கல்லூரியிலும் செனட் இல்லத்திலும் படங்களைத் தொங்கவிட்டபோது, சலானுக்கு வெளியே ஒளிப்படம் என்னவெல்லாம் செய்யலாம் என்பதை நடைக்குழுக்காரர்கள் நேரில் கண்டார்கள். ஒரே தெருவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுப்பவர்கள் அதன்பின் கூடியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

எஞ்சியவை

ஆர்வலர்களின் பிலிம் காலச் சேமிப்புதான் இன்று மிகவும் ஆபத்தில் இருப்பது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தேடிச் சேகரித்து எண்ணியமாக்கியது. தனி ஆர்வலர்களின் வீட்டுப் பெட்டிகளுக்கு அத்தகைய முயற்சி இன்னும் போதவில்லை. சென்னையின் ஈரக்காற்றில் நெகட்டிவ் பூஞ்சை பிடிக்கும், அசிட்டேட் பிலிம் காடி நாற்றமடித்துச் சுருளும், சுருண்டபின் மீட்பது கடினம். அப்பாவோ தாத்தாவோ சேர்த்துவைத்த பெட்டி வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அதில் இருப்பவர் யார், அது எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள்.