கப்பலேறி வந்த கசப்பு



செபராங் ஜெயாவில் குடியிருக்கும் என் உறவுக்காரப் பையன் ஒருவன் அண்மையில் ஒரு கேள்வி கேட்டான். அவன் தாத்தா பால்மரம் சீவியவர். அவன் பிறை வட்டாரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். "மாமா, கடையில் ஒரு பீர் போத்தல் பார்த்தேன். 'இந்தியா பேல் ஏல்' என்று போட்டிருக்கிறது. ஆனால் செய்தது அமெரிக்காவிலாம். இதில் இந்தியா எங்கிருந்து வந்தது?" என்றான்.

நல்ல கேள்விதான். அதற்கு விடை தேடினால் லண்டன் துறைமுகத்தில் தொடங்கி, நம் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசல் வரை வரவேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பானம் எத்தகையது என்று பார்ப்போம். பார்லியை முளைகட்டி உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்குவார்கள். அந்தச் சாற்றை ஹாப் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து, ஈஸ்ட் இட்டு நொதிக்கவிட்டால் பீர் கிடைக்கும். முளைகட்டிய பார்லியை விறகுத் தீயில் உலர்த்திய காலத்தில் பீர் கறுத்துப் புகை மணம் வீசியது. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் புகை குறைந்த கற்கரி வழக்கத்துக்கு வந்தபின் பீர் தேன் நிறம் கொண்டது. 'பேல்' என்றால் வெளிறிய நிறம். 'ஏல்' என்பது பீரில் ஒரு வகை.

இதைச் சுவைத்து மதிப்பிடுகிறவர்கள் கண்ணாடிக் குவளையில் ஊற்றி முதலில் நிறத்தையும் நுரையையும் பார்ப்பார்கள். அடுத்து முகர்ந்து பார்ப்பார்கள். அதன் பிறகுதான் ஒரு வாய் பருகுவார்கள். கசப்பு எவ்வளவு நேரம் நாவில் நிற்கிறது என்பது அவர்களுக்கு முக்கியமான கணக்கு. அந்தக் கசப்பைத் தருவது ஹாப் பூ. பீரைப் புளிக்கச் செய்யும் கிருமிகளையும் அது தடுக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் லண்டன் பிளாக்வால் துறையிலிருந்து புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நான்கு முதல் ஆறு மாதங்களில் இந்தியாவை அடையும். அந்தத் துறைக்கு அருகில், போ என்னும் இடத்தில், ஹாட்ஜ்சன் குடும்பத்தின் பீர் ஆலை இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு அவர்கள் நீண்ட தவணையில் சரக்குக் கொடுத்தார்கள். ஹாப் பூ நிறையச் சேர்த்த வெளிர் பீர் இப்படித்தான் மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. பின்னர் ஹாட்ஜ்சன்களின் போக்கு கம்பெனியாருக்குக் கசந்தது. 1822-இல் கம்பெனி இயக்குநர் ஒருவர், பர்ட்டன் நகரத்து சாமுவேல் ஆல்சாப்பை அதே மாதிரி பீர் செய்யச் சொன்னார். முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சியதாகச் சொல்வார்கள். பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அது கசப்பை இன்னும் துலக்கமாக்கிற்று.

வேறெந்தப் பீரும் அந்தப் பயணத்தைத் தாங்கவில்லை, ஆகவேதான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று பலர் சொல்வதுண்டு. அது சரியன்று. போர்ட்டர் என்னும் கறுப்புப் பீரும் அதே கப்பல்களில் நல்லபடியாக வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் போர்ட்டரும் சாராயமும். அதிகாரிக்கு வெளிர் பீர். இந்தப் பாகுபாட்டோடுதான் வியாபாரம் நடந்தது. 1830-களில் விளம்பரங்களில் 'இந்தியா' என்ற பெயர் நிலைத்தது. அது விற்ற சந்தையின் பெயர். செய்தவர்களின் ஊர் வேறு.

இனி நம் பக்கம் வருவோம். செபராங் பிறை 1800-இல் கம்பெனியின் கைக்கு வந்த நிலம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தார்கள். கரும்புக்குப் பின் ரப்பர் வந்தது. துரைமார் குடித்த பீர் போத்தலில் கடல் கடந்து வந்தது. லயத்துக்குக் கிடைத்தது கள்.

கள்ளின் இயல்பே வேறு. தென்னம்பாளையைச் சீவி இறக்கியது சில மணி நேரத்தில் நொதித்துவிடும், மறுநாள் புளித்துப்போகும். தூரம் கொண்டுபோக முடியாது. ஆகவே குடிப்பவனுக்குப் பக்கத்திலேயே கடை இருக்க வேண்டும். நிர்வாகத்துக்கும் இது வசதியாயிற்று. உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் தோட்டத்துக்குள்ளேயே நடந்தன. ஆதாயம் தொழிலாளர் நலனுக்குச் செலவாகும் என்றார்கள். ஆனால் அது யாருடைய பணம்? காலையில் மரம் சீவிச் சம்பாதித்த கூலி மாலையில் கள்ளுக்கடையில் போயிற்று. வீட்டில் உலைப்பானை காத்திருந்தது.

இதை நம்மவர்கள் உணராமல் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறிப்போகும் உரிமை கேட்டார்கள். அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். போர் முடிந்தபின் நமக்கு வடக்கே, கெடா மாநிலத்து ஹார்வர்டு தோட்டத்தில், ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். குடியை நிறுத்தும்படி வீடு வீடாக வற்புறுத்தினார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947-இன் தொடக்கத்தில் பீடோங்கில் போலீசாரோடு மோதல் ஏற்பட்டது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

கள்ளுக்கடைகள் அன்றே ஒழிந்துவிடவில்லை. பிற்காலத்தில் மலிவான சம்சுவும் குடும்பங்களைச் சீரழித்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து நீண்ட காலம் இயக்கம் நடத்தியது.

பையன் பார்த்த போத்தலின் கதை இன்னும் ஒன்று மீதி. குளிர்பதன இயந்திரங்கள் வந்தபின் 'லாகர்' என்னும் மென்மையான பீர் உலகெங்கும் பரவி, பழைய வெளிர் பீர் மங்கியது. 1970-களிலும் 1980-களிலும் அமெரிக்கச் சிற்றாலைகள் அதற்கு மறுவாழ்வு தந்தன. அவர்கள் சேர்த்த கேஸ்கேட் என்னும் ஹாப் வகையில் பம்பளிமாஸ் தோலை உரித்தாற்போன்ற மணம் இருக்கும். இன்று அதைச் சுவைத்து மதிப்பெண் போடுகிறார்கள்.

அவனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, அந்தப் போத்தலில் நம் நாட்டின் பெயர் இருக்கிறது, நம் தாத்தா பாட்டியின் கதை இல்லை. அவர்களுக்குக் கிடைத்த கசப்பை யாரும் சுவைத்து மதிப்பெண் போடவில்லை. அதை எதிர்த்து அவர்களே எழுந்து நின்றார்கள். பீடோங் பக்கம் போனால் அதையும் நினைத்துக்கொள்."