உதட்டு வெடிப்பும் அரபு மருத்துவ நூல்களும்

திருக்குர்ஆனைத் தஜ்வீதுடன் கற்பிப்போர் பா, மீம், வாவ், ஃபா ஆகிய எழுத்துகளை 'ஷஃபவிய்யா', அதாவது உதட்டெழுத்துகள் என வகுப்பர். ஆசிரியரின் வாய்மொழியை நேரில் கேட்டுக் கற்பதற்கு 'முஷாஃபஹா' என்று பெயர். அச்சொல்லும் உதட்டைக் குறிக்கும் 'ஷஃபத்' என்பதன் அடியாகப் பிறந்ததே. இத்தகைய உறுப்பு வீங்குவதையும் வெடிப்பதையும் அரபு மருத்துவர்கள் அற்ப நோயெனத் தள்ளிவிடவில்லை.

இப்னு ஸீனாவின் (கி.பி. 980-1037) 'அல்கானூன்' மூன்றாம் பாகம் தலை முதலாக உறுப்பு வாரியாக நோய்களை ஆராய்கிறது. அதன் எட்டாம் பிரிவு ஈறுகளுக்கும் உதடுகளுக்கும் உரியது. உதட்டு வீக்கத்திற்கு முதலில் உடலில் மிகுந்துள்ள பிணிநீரை வெளியேற்றி, அதன் பின்னரே உதட்டில் மருந்திட வேண்டும் என்கிறார். வெடிப்புக்கு உரிய மருந்து உலர்த்துவதாகவும் துவர்ப்புடையதாகவும் இருப்பதோடு மென்மையாக்குவதாகவும் அமைய வேண்டும் என்பது அவர் விதி. கதீராப் பிசினை வாயிலிட்டு நாவினால் புரட்டச் சொல்கிறார். தொப்புளில் எண்ணெய் தடவுவதும் நன்மை தரும் என்கிறார்.

உதடு வெடித்தால் தொப்புளில் எண்ணெய் வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. இப்னு ஸீனாவே கூறியிருக்கிறார் என்பதைச் சான்றாகக் காட்டுவது எளிது. ஆயினும் பிறந்த பின் தொப்புளின் குருதிக்குழாய்கள் மூடிக்கொண்டு வெறும் நாராகிவிடுகின்றன. அங்கிருந்து உதட்டுக்கு வழியேதும் இல்லை. பிணிநீர்க் கொள்கையும் இன்று கைவிடப்பட்டதே.

அந்தலூஸின் அஸ்ஸஹ்ராவீ (மறைவு கி.பி. 1013) செயல்முறையில் வல்லவர். முப்பது பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' எனும் நூலின் இறுதிப் பகுதியில், சிறுவர்களின் உதடுகளில் மிகுதியாகத் தோன்றும் வெடிப்பைப் பற்றி எழுதுகிறார். மருந்துகள் பயன் தராவிடில் மட்டுமே, சிறு கத்தி வடிவிலான சூட்டுக்கோலை விரைந்து வெடிப்பில் வைத்தெடுத்து, ஆறும்வரை 'கைரூத்தீ' இட வேண்டும் என்கிறார். சூடிடுவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை அறிந்த நமக்கு, மருந்து முதலில், நெருப்பு இறுதியில் என்ற இவ்வரிசை கவனத்திற்குரியது.

கைரூத்தீ என்பது மெழுகும் எண்ணெயும் கலந்த களிம்பு. கிரேக்கரிடமிருந்து பெயரோடு வந்த அது யூனானி மருத்துவத்தில் இன்றும் வழங்குகிறது. கடைகளில் விற்கும் உதட்டுப் பூச்சுகள் பலவற்றின் அடிப்படையும் மெழுகும் எண்ணெயுமே. ஈரம் வெளியேறாதபடி அது தடுக்கிறது. அக்காலத்தார் கூறியவற்றுள் இன்றும் நிற்பது இதுதான். (மெழுகுப் படலம் தோலை நீர் தொடாமல் தடுக்கும் என ஃபுகஹாக்கள் எழுதியுள்ளனர். ஆதலின் கெட்டியாகப் பூசியவர் உளூவுக்கு முன் துடைத்துவிடுதல் வேண்டும்.)

இக்கால மருத்துவர் முதலில் வினவுவது காரணத்தையே. அடிக்கடி உதட்டை நக்கும் பழக்கமா? உமிழ்நீர் உலரும்போது வறட்சி மேலும் கூடும். புதிய பற்பசையோ சாயமோ ஒவ்வவில்லையா? வாயின் இரு ஓரங்களும் வெடித்தால் காளான் தொற்று, பொருந்தாத பொய்ப்பல், இரும்புச்சத்துக் குறைவு, 'பி' வைட்டமின் குறைவு ஆகியவற்றை ஆராய்வர். குறிப்பாகப் பெண்களின் வாயோரப் புண்ணை 'உட்சூடு' என்று கூறி விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் நலம். உதடு திடீரென வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

யாவற்றினும் அஞ்சத்தக்கது வேறொன்று. நெடுங்காலம் வெயிலில் உழைத்தோரின் கீழுதட்டில் வெண்மையான சொரசொரப்புத் திட்டு தோன்றி, வாரக்கணக்கில் ஆறாதிருக்கும். அது புற்றுநோயாக மாறக்கூடும். மீன்பிடிப்பவரும் வயலில் உழைப்பவரும் தலைப்பாகையின் நிழலோடு, வெயில் தடுக்கும் பூச்சும் இடுதல் நன்று. புகையிலையை அறவே விடுதல் வேண்டும். அத்தகையவர் தொப்புளில் எண்ணெய் வைத்துக் காத்திருப்பதே நான் அஞ்சுவது.

அவ்வாறு காத்திருப்பவர் இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லிக் காத்திருப்பாராயின், அதே கானூனின் இரண்டாம் பாகத்தை அவருக்குக் காட்டலாம். மருந்தைச் சோதிக்கும் நிபந்தனைகளை அங்கே அவர் வகுக்கிறார்: மனித உடலிலேயே சோதிக்க வேண்டும், எப்போதும், அல்லது பெரும்பாலும், ஒரே பயன் விளைய வேண்டும், இல்லையேல் அது தற்செயலானது. தொப்புள் எண்ணெயை அவ்விதிகளின் முன் நிறுத்திப் பார்க்கும் உரிமையை அவரே நமக்கு வழங்கியிருக்கிறார்.